விலங்குகளின் அழுத்த ஹார்மோன்களை நியூரோபெப்டைடுகள் எப்படி ஆட்டிவைக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விலங்கின் ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அது பயந்திருக்கிறது அல்லது வதைபடுகிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அந்த ஹார்மோனை எப்போது விடுவது, எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் மூளையில் பல பெப்டைடுகள் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அந்தக் கூட்டணி விலங்குக்கு விலங்கும், பருவத்துக்குப் பருவமும் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கார்டிசால் எண்ணை மட்டும் படிப்பது விலங்குக்கு நாம் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

நியூரோபெப்டைடு என்றால் என்ன?

நரம்பு செல்கள் தயாரித்து வெளியிடும் சிறிய அமினோ அமிலச் சங்கிலி. ஆக்ஸிடோசினிலும் வாசோபிரசினிலும் 9 அமினோ அமிலங்கள்தான். நியூரோபெப்டைடு ஒய் என்பதில் 36. இந்தக் கதையின் நடுநாயகமான சிஆர்எச் (கார்டிகோட்ரோபின் விடுவிக்கும் ஹார்மோன்) என்பதில் 41.

குளூட்டமேட், காபா மாதிரியான வழக்கமான நரம்புக்கடத்திகள் நரம்பின் முனையிலேயே தயாராகும். நொடிக்குள் வேலையை முடிக்கும். பெரும்பாலும் திரும்ப உறிஞ்சப்பட்டு மறுபடி பயன்படும். பெப்டைடுக்கு அந்த வசதி இல்லை. செல்லின் உடலில் மரபணுவைப் படித்து முதலில் ஒரு நீளமான முன்னோடிப் புரதம் உருவாக வேண்டும். பிறகு நொதிகள் அதை வெட்டி, சிறு பைகளில் அடைத்து, நரம்பிழை நெடுக முனைவரை கொண்டுபோக வேண்டும். வெளியே விட்டபின் திரும்ப எடுக்க வழியில்லை. நரம்பு செல் விட்டுவிட்டு ஒன்றிரண்டு முறை துடித்தால் பெப்டைடு பெரும்பாலும் வெளியே வராது; வேகமாகத் தொடர்ந்து துடிக்க வேண்டும். ஆகவே பெப்டைடு வெளியாகிறது என்றாலே, ஏதோ ஒன்றை மூளை பொருட்படுத்த வேண்டியதாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள்.

அழுத்த ஹார்மோன்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

முதுகெலும்புள்ள விலங்குகளில் இரண்டு கூட்டம். அட்ரினல் சுரப்பியின் (பாலூட்டிகளில் சிறுநீரகத்தின் மேல் இருப்பது) உட்பகுதியிலிருந்து வரும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் முதல் கூட்டம், விநாடிகளில் வரும். சுரப்பியின் மேற்புறணியிலிருந்து வரும் குளூக்கோகார்டிகாய்டுகள் இரண்டாவது. நிமிடங்களில் வரும், மணிக்கணக்கில் வேலை செய்யும். மனிதன், நாய், ஆடு, மாடு, பன்றி, பெரும்பாலான மீன்கள் இவற்றில் இது கார்டிசால். எலி, சுண்டெலி, பறவை, ஊர்வன, தவளை இவற்றில் கார்டிகோஸ்டிரோன். எலியின் அட்ரினலில் கார்டிசால் செய்யத் தேவையான ஒரு நொதி இல்லை, அவ்வளவுதான் விஷயம். சுறா, திருக்கை இனங்களோ இரண்டையும் விட்டு, கார்டிகோஸ்டிரோனின் சற்றே மாறிய வடிவம் ஒன்றை வைத்திருக்கின்றன.

மூளையில் தொடங்கி அட்ரினல்வரை என்ன நடக்கிறது?

ஒரு எலியை அசைய முடியாத குழாய்க்குள் வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஆய்வுக்கூடங்களில் அதிகம் செய்யப்பட்ட பரிசோதனைகளில் இது ஒன்று.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் பாராவென்ட்ரிகுலர் நியூக்ளியஸ் என்றொரு நரம்பு செல் கொத்து இருக்கிறது. அடைபட்ட உணர்வு, பயத்தைக் கையாளும் அமிக்டலா, மூளைத்தண்டு எனப் பல வழிகளில் அங்கே வந்து சேர்கிறது. அங்குள்ள சிறிய செல்கள் சிஆர்எச்சை விடுகின்றன. ஆனால் அவை அதைப் பொது ரத்த ஓட்டத்தில் கொட்டுவதில்லை. ஹைப்போதலாமஸின் அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் விடுகின்றன. அந்தக் குழாய்கள் நேராக, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடலுக்குப் போகின்றன. தூரம் மிகக் குறைவு என்பதால் மிகச் சொற்ப அளவே போதும். பிட்யூட்டரி செல்கள் ஏசிடிஎச் என்ற 39 அமினோ அமிலப் பெப்டைடை ரத்தத்தில் விடும். அது அட்ரினல் புறணியில் தன் ஏற்பியை (ஹார்மோன் வந்து பொருந்தும் புரதத்தை) தொட்டதும், கொலஸ்டிராலிலிருந்து கார்டிகோஸ்டிரோன் தயாராகத் தொடங்கும்.

கடைசிப் படி கவனிக்கத் தக்கது. ஸ்டீராய்டைச் சேமித்துவைக்க முடியாது. கேட்கும்போதுதான் செய்ய வேண்டும். அதனால் ஒரு தாமதம் தவிர்க்க முடியாதது. எலியில் ஏசிடிஎச் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும். கார்டிகோஸ்டிரோன் உச்சத்துக்குப் போக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். காட்டுப் பறவைகளைப் பிடித்து ஆராய்பவர்கள், பிடிபட்ட 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிடத் துடிப்பதும் இதனால்தான். அதற்குள் எடுத்தால் பிடிபடும் முன்பிருந்த அளவு கிடைக்கும். தாண்டிவிட்டால் பிடித்ததால் வந்த அழுத்தமும் அதில் கலந்துவிடும்.

சிஆர்எச்சை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1936ல் ஹான்ஸ் செல்யே ஒன்றைக் கவனித்து எழுதினார். எலிகளுக்குக் குளிர், காயம், அளவு மீறிய உடலுழைப்பு, மருந்து எனக் கொடுமை எதுவானாலும் உடம்பில் தெரிந்த மாற்றங்கள் ஒரே மாதிரி இருந்தன: அட்ரினல் பெருத்தது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. மூளை இதை எப்படிச் சுரப்பிக்குச் சொல்கிறது என்பது அடுத்த கேள்வி. ஹைப்போதலாமஸிலிருந்து ரத்தக்குழாய் வழியாக ஏதோ ஒரு ரசாயனம் பிட்யூட்டரிக்குப் போகிறது என்று ஜெஃப்ரி ஹாரிஸ் விடாமல் வாதிட்டார். 1955ல் ரோஜர் கில்லெமின் ஒரு பக்கமும், முர்ரே சாஃப்ரான், ஆண்ட்ரூ ஷாலி இருவரும் இன்னொரு பக்கமும் அப்படி ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. கில்லெமினும் ஷாலியும் வேறு ஹைப்போதலாமஸ் பெப்டைடுகளைக் கண்டுபிடித்து 1977ல் நோபல் பரிசே வாங்கிவிட்டார்கள். முதலில் தேடிய பொருள் மட்டும் கைக்கு வரவில்லை.

1981ல் வைலி வேல் குழுவினர் அதைப் பிடித்தார்கள். அதற்குத் தேவைப்பட்டவை சுமார் 4,90,000 செம்மறியாடுகளின் ஹைப்போதலாமஸ்கள். ஒரு விலங்கில் இந்தப் பெப்டைடு எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது என்பதை இந்த எண்ணைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது.

சிஆர்எச் ஒன்றே போதாதா? வாசோபிரசின் எதற்கு?

என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே மிகச் சுவையான இடம் இதுதான்.

வாசோபிரசின் என்றதும் சிறுநீரகம் நினைவுக்கு வரும். உடம்பின் நீரைக் காப்பாற்றும் ஹார்மோன் அது. அந்த வேலைக்கான வாசோபிரசின், ஹைப்போதலாமஸின் பெரிய செல்களிலிருந்து பிட்யூட்டரியின் பின்மடலுக்குப் போகிறது. ஆனால் சிஆர்எச் செய்யும் அதே சிறிய செல்களும் வாசோபிரசினைச் செய்யும். இரண்டையும் ஒன்றாகவே விடவும் செய்யும். பிட்யூட்டரி செல்லில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பிகள் உண்டு. சிஆர்எச் ஒரு வழியாகச் செல்லைத் தூண்டுகிறது. புதிதாக ஏசிடிஎச் தயாரிக்கும் மரபணுவையும் முடுக்கிவிடுகிறது. வாசோபிரசின் வேறொரு வழியாகச் செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்தி, ஏற்கெனவே தயாராக இருப்பதை வெளியே தள்ளுகிறது. எலியில் வாசோபிரசின் மட்டும் கொடுத்தால் விளைவு சுமார்தான். சிஆர்எச்சுடன் சேர்த்துக் கொடுத்தாலோ, இரண்டின் தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக ஏசிடிஎச் வெளிவருகிறது.

இதற்கு இயற்கையே ஒரு சாட்சியும் தந்திருக்கிறது. பிராட்டில்போரோ எலிகள் என்றொரு வகை உண்டு. ஒரு மரபணுப் பிழையால் இவற்றில் வாசோபிரசின் உருவாவதில்லை. ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கும். பல வகை அழுத்தங்களில் இவற்றின் ஏசிடிஎச் உயர்வு சாதாரண எலிகளைவிடக் குறைவாகவே இருக்கிறது. முற்றிலும் இல்லாமல் போவதில்லை, ஏனென்றால் சிஆர்எச் இருக்கிறது.

இனி செம்மறியாட்டுக்கு வாருங்கள். அங்கே ஏசிடிஎச்சை வெளியே தள்ளுவதில் சிஆர்எச்சைவிட வாசோபிரசினுக்குத்தான் பலம் அதிகம். சிஆர்எச்சைக் கண்டுபிடித்ததே செம்மறியாட்டு மூளையில்தான். அந்த ஆட்டிலேயே அது இரண்டாம் இடத்தில் இருக்கிறது! எலியில் கண்டதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால்?

இந்தக் கூட்டணியின் கலவை மாறத் தொடங்கும். எலிகளில் அழுத்தம் தொடரும்போது, சிஆர்எச் செல்களில் வாசோபிரசினையும் சேர்த்துச் செய்யும் செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. ரத்தத்தில் ஏறிய கார்டிகோஸ்டிரோன் திரும்பி வந்து சிஆர்எச்சைக் கட்டுப்படுத்தும். வாசோபிரசின் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அவ்வளவாக அடங்காது. ஆகவே நீண்ட அழுத்தத்திலும் பிட்யூட்டரி மறுபடி பதில் சொல்லத் தயாராகவே இருக்கிறது.

இதன் விளைவு நேரில் பார்த்தால் வியப்பாக இருக்கும். அதே குழாயில் எலியைத் தினமும் வைத்தால், நாள் போகப் போகக் கார்டிகோஸ்டிரோன் உயர்வு குறையும். பழகிவிட்டது என்று தோன்றும். அந்த எலிக்கு ஒருநாள் வேறொரு புதிய அழுத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள். முன்பு எதற்குமே ஆளாகாத எலியின் அளவுக்கு, பல சமயம் அதைவிடவும் அதிகமாக, ஹார்மோன் பொங்கும். வெளியே அமைதி தெரிந்ததே தவிர, உள்ளே அமைப்பு அடங்கவில்லை. கூண்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் விலங்கைப் பார்த்து ‘பழகிவிட்டது’ என்று சொல்பவர்களுக்கு இதை அடிக்கடி எடுத்துச் சொல்வேன்.

இதை நிறுத்துவது யார்?

முதல் தடை அந்த ஹார்மோனே. குளூக்கோகார்டிகாய்டுகள் பிட்யூட்டரி, ஹைப்போதலாமஸ், நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் எல்லாவற்றிலும் உள்ள ஏற்பிகளைத் தொட்டுத் தங்கள் உற்பத்தியைத் தாங்களே குறைக்கின்றன. இதில் ஒரு பகுதி மரபணு மட்டத்தில் மெதுவாக நடக்கும். இன்னொரு பகுதி சில நிமிடங்களிலேயே நடந்துவிடுகிறது: சிஆர்எச் செல்கள் எண்டோகன்னாபினாய்டு என்ற கொழுப்புப் பொருளை விட்டு, தங்களுக்கு வரும் தூண்டலைத் தாங்களே மட்டுப்படுத்துகின்றன.

ஹார்மோன் ஒரே சீராகவும் ஓடுவதில்லை. ஏறத்தாழ மணிக்கொரு முறை சிறு அலைகளாக வருகிறது. பகலில் நடமாடும் மனிதனுக்கு விடியலில் உச்சம். இரவில் நடமாடும் எலிக்கு அந்தி நேரத்தில் உச்சம். ரத்தம் எடுத்த நேரம் தெரியாமல் எண்ணைப் படிக்க முடியாது என்பதற்கு இது போதுமான காரணம்.

ஆக்ஸிடோசின் அழுத்தத்தைக் குறைக்கிறது என்கிறார்களே, உண்மையா?

சில நிலைமைகளில் உண்மை. எலியை நீந்தவிட்டாலோ மிரட்டினாலோ, பிரசவத்துக்கும் பால் இறங்கவும் உதவும் ஆக்ஸிடோசின் மூளைக்குள்ளேயும் வெளியாகிறது. பாராவென்ட்ரிகுலர் நியூக்ளியஸிலேயே வெளியாகிறது. அதைத் தடுக்கும் மருந்தை அந்த மூளைக்குள் செலுத்தினால் ஏசிடிஎச்சும் கார்டிகோஸ்டிரோனும் ஏறுகின்றன. அதாவது ஆக்ஸிடோசின் அங்கே தடைபோட்டுக்கொண்டிருந்தது.

பிரெய்ரி வோல் என்ற சிறு கொறிவிலங்கு இணைபிரியாமல் வாழ்வது. அடைபட்டு மிரண்ட பெண் வோலைத் தன் இணையிடம் விட்டால் கார்டிகோஸ்டிரோன் தணிகிறது, பயமும் குறைகிறது. அதே நியூக்ளியஸில் ஆக்ஸிடோசின் ஏற்பியை அடைத்துவிட்டால், இணை பக்கத்தில் இருந்தும் அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. துணை தரும் ஆறுதல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட பெப்டைடால் நடக்கிறது என்று இவ்வளவு கிட்டத்தில் காட்டிய ஆய்வுகள் குறைவு.

ஆனால் இதை வைத்து, ‘செல்லப்பிராணியின் உமிழ்நீரில் ஆக்ஸிடோசின் ஏறியது, ஆகவே அது மகிழ்ச்சியாக இருக்கிறது’ என்று தாவிவிடக் கூடாது. ரத்தத்தில் இருப்பதும் மூளைக்குள் வெளியாவதும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அளக்கும் முறையை மாற்றினால் எண்ணே பெரிதும் மாறுகிறது.

எண்டார்ஃபின்களுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு, அதுவும் பிறவியிலேயே. ஏசிடிஎச்சும் பீட்டா எண்டார்ஃபினும் ஒரே முன்னோடிப் புரதத்திலிருந்து வெட்டப்படுபவை. அழுத்தத்தில் பிட்யூட்டரி இரண்டையும் சேர்த்தே விடுகிறது. மனிதரில் உடம்பின் சொந்த ஓப்பியாய்டுகள் (எண்டார்ஃபின் போன்ற, மார்ஃபின் மாதிரி வேலை செய்யும் பொருள்கள்) இந்த அமைப்பை ஓரளவு அடக்கியே வைத்திருக்கின்றன; அவற்றைத் தடுக்கும் நாலாக்சோனைக் கொடுத்தால் கார்டிசால் ஏறுகிறது. எலியிலோ மார்ஃபின் ஊசி போட்டால் கார்டிகோஸ்டிரோன் ஏறுகிறது. இங்கும் இனத்துக்கு இனம் வேறுபாடு.

நியூரோபெப்டைடு ஒய்?

1982ல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பசியைத் தூண்டுவது இதன் புகழ்பெற்ற வேலை. அமிக்டலாவில் இது சிஆர்எச்சுக்கு நேர் எதிராக நின்று பதற்றத்தைக் குறைக்கிறது. ஆனால் ஹைப்போதலாமஸில் செலுத்தினால் சிஆர்எச் செல்களைத் தூண்டி ஹார்மோனை உயர்த்துகிறது. ஒரே பெப்டைடுக்கு இரண்டு இடத்தில் இரண்டு குணம். ‘இது நல்ல பெப்டைடு, அது கெட்ட பெப்டைடு’ என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அட்ரினலினை விடுவதிலும் பெப்டைடுகள் தலையிடுமா?

அட்ரினலின் வெளியாவதற்கு முதல் கட்டளை அசிடைல்கோலின் என்ற நரம்புக்கடத்தியிடமிருந்து வருகிறது. அது உடனே வேலை செய்யும். ஆனால் அழுத்தம் தொடர்ந்தால் அதன் பிடி தளர்ந்துவிடும். அப்போது கைகொடுப்பது பிஏசிஏபி என்ற பெப்டைடு. 1989ல் இதுவும் செம்மறியாட்டு ஹைப்போதலாமஸிலிருந்துதான் கிடைத்தது. நரம்பு வேகமாகத் துடிக்கும்போது அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் இது வெளியாகி, அட்ரினலின் ஓட்டம் வற்றாமல் பார்த்துக்கொள்கிறது.

பிஏசிஏபி இல்லாத சுண்டெலிகள் சாதாரண நாளில் நன்றாகவே இருக்கும். இன்சுலின் கொடுத்து ரத்தச் சர்க்கரையை நீண்ட நேரம் இறக்கினால் நிலைமை வேறு: தேவையான அட்ரினலினைத் தொடர்ந்து விட முடியாமல் அவை இறந்தே போகின்றன. அடைத்துவைக்கும் அழுத்தத்தில் இவற்றின் கார்டிகோஸ்டிரோன் உயர்வும் மந்தமாகவே இருக்கிறது.

எல்லா விலங்குகளிலும் இதே அமைப்புதானா?

அடிப்படை பழமையானது, வடிவம் பலவிதம். எலும்பு மீன்களில் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்குப் போகும் தனி ரத்தக்குழாய் ஏற்பாடு இல்லை; சிஆர்எச் நரம்புகளே நேராகப் பிட்யூட்டரிக்குள் நுழைந்து பெப்டைடை விடுகின்றன. தனி அட்ரினல் சுரப்பியும் கிடையாது. சிறுநீரகத்தின் தலைப்பகுதியில் இருக்கும் செல்களே கார்டிசாலைச் செய்கின்றன. அந்தக் கார்டிசாலுக்கு மீனில் உப்புச் சமநிலையைக் காக்கும் வேலையும் உண்டு. பறவைகளில் வாசோபிரசினுக்குப் பதிலாக வாசோடோசின்.

நண்டு, இறால்களுக்குக் கார்டிசாலே கிடையாது. அவற்றின் கண்காம்பில் இருக்கும் நரம்பு செல்கள் ஒரு பெப்டைடைத் தயாரித்து நேராக ரத்தத்தில் விடும். அது சர்க்கரையை உயர்த்தும். நண்டைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் இந்தப் பெப்டைடு ஏறுகிறது. நடுவில் பிட்யூட்டரியும் இல்லை, அட்ரினலும் இல்லை. நியூரோபெப்டைடே அழுத்த ஹார்மோன்.

குளம் வற்றினால் தலைப்பிரட்டை சீக்கிரம் தவளையாகிவிடுமாமே?

ஆமாம், சில இனங்களில். வறண்ட நிலத்தில் மழைக்குட்டைகளில் முட்டையிடும் மண்வெட்டிக்கால் தேரைகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் குறையக் குறையத் தலைப்பிரட்டையின் ஹைப்போதலாமஸில் சிஆர்எச் ஏறுகிறது. நீர்நில வாழ்வனவற்றில் சிஆர்எச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிட்யூட்டரியிலிருந்து தைராய்டைத் தூண்டும் ஹார்மோனையும் அதுதான் வெளியே தள்ளுகிறது. அப்புறம் தைராய்டு ஹார்மோனும் கார்டிகோஸ்டிரோனும் கைகோத்து வேலை செய்கின்றன. வால் சுருங்குகிறது, கால் முளைக்கிறது, குட்டை காய்வதற்குள் உயிர் கரையேறுகிறது. சிஆர்எச்சின் வேலையை மருந்தால் தடுத்துவிட்டால், தண்ணீர் குறைந்தும் உருமாற்றம் வேகமெடுப்பதில்லை. உரிய காலத்துக்கு முன்பே உருமாறுவதால் உடல் சிறுத்துத்தான் போகும். ஆனால் காய்ந்த குட்டையில் அது கொடுத்துத் தீரவேண்டிய விலை.

குட்டிகளிலும் தாய்களிலும் வேறுபாடு இருக்கிறதா?

எலிக்குட்டி பிறந்து ஏறத்தாழ 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள்வரை, பெரிய எலியை மிரளவைக்கும் பல விஷயங்களுக்கு அதன் கார்டிகோஸ்டிரோன் அசையாது. தாயின் அரவணைப்பும் நக்கிக்கொடுப்பதும் பாலும்தான் இந்தக் காவலைத் தருகின்றன; தாயை ஒருநாள் முழுக்கப் பிரித்துவைத்தால் காவல் உடைந்துவிடுகிறது.

பால்கொடுக்கும் தாய் எலியிலும் அழுத்த ஹார்மோன் உயர்வு மட்டுப்படுகிறது. அதற்காகத் தாய் எதையும் பொருட்படுத்துவதில்லை என்று எண்ணிவிட வேண்டாம். குட்டிக்கு ஆபத்து என்றால் அவள் பாய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அழுத்தத்தில் இனப்பெருக்கம் ஏன் தடைபடுகிறது?

சிஆர்எச்சும் எண்டார்ஃபினும் இனப்பெருக்க அமைப்பின் தலைமைப் பெப்டைடான ஜிஎன்ஆர்எச்சை அடக்குகின்றன. 2000ல் காடையின் மூளையில் இன்னொரு பெப்டைடைக் கண்டார்கள். பாலுறுப்புகளைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களை அது தடுக்கிறது. பாலூட்டிகளிலும் அதன் உறவுக்காரப் பெப்டைடு இருக்கிறது. எலிக்கு அழுத்தம் தந்தால் அது ஏறுகிறது.

இதற்கு நேர்மாறான விலங்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆன்டெகைனஸ் என்ற சிறு பைம்மாவின் (வயிற்றுப்பையில் குட்டியைச் சுமக்கும் இனம்) ஆண்கள், ஒரே ஒரு இனப்பெருக்கப் பருவத்தில் தங்கள் முழு ஆற்றலையும் செலவிடுகின்றன. கார்டிசால் ஏறிக்கொண்டே போகும். அதை ரத்தத்தில் கட்டிவைக்கும் புரதம் குறைந்துபோகும். திரும்பிவந்து தடுக்கும் கட்டுப்பாடும் தோற்றுவிடும். குடலில் ரத்தக்கசிவு, தொற்று என ஆண்கள் எல்லாம் ஒரு வயது நிறையும் முன்பே சில வாரங்களுக்குள் மடிகின்றன. மேலே சொன்ன ‘நிறுத்தும்’ ஏற்பாடு ஒரு உயிருக்கு எவ்வளவு முக்கியம் என்பது இங்கே தெரியும்.

கார்டிசால் எண்ணை மட்டும் வைத்து விலங்கு வதைபடுகிறது என்று சொல்லலாமா?

கூடாது. புணர்ச்சியிலும் வேட்டையிலும் உற்சாகமான ஓட்டத்திலும் கார்டிசால் ஏறும். நீண்ட காலம் வதைபட்ட விலங்கில் சாதாரணமாகவோ குறைவாகவோகூட இருக்கலாம். சிஆர்எச்சையே அளந்துவிடலாமே என்றால், அது இருப்பது பிட்யூட்டரிக்குப் போகும் சின்னக் குழாய்களில். கையிலோ கழுத்திலோ எடுக்கும் ரத்தத்தில் கரைந்து காணாமல் போய்விடும்.

விலங்கைத் தொடாமல் அறிய, சாணத்தில் ஹார்மோனின் சிதைபொருள்களை அளக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் அது காட்டுவது கடந்த காலத்தை: ஆடு மாடுகளில் ஏறத்தாழ 12 மணி நேரம் முன்பும், குதிரையில் ஏறத்தாழ ஒருநாள் முன்பும் நடந்ததை. நடத்தை, எடை, தூக்கம், குட்டிபோடும் திறன் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் எண்ணுக்குப் பொருள் வரும்.

நியூரோபெப்டைடை மாத்திரையாகக் கொடுத்து விலங்கை அமைதிப்படுத்த முடியுமா?

பெரும்பாலானவற்றை வயிறே ஜீரணித்துவிடும். ஊசியாகப் போட்டாலும் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். மூளைக்குள் போவது மிகச் சொற்பம். பிரசவத்துக்கும் பால் இறங்கவும் ஆக்ஸிடோசின் ஊசி பயன்படுவது கருப்பையிலும் மடியிலும் அது நேராக வேலை செய்வதால்.

நாய்க்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தேன். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்கிறாரே மருத்துவர், ஏன்?

வெளியிலிருந்து வரும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை உடம்பு தன் கார்டிசாலாகவே எடுத்துக்கொள்ளும். சிஆர்எச்சும் ஏசிடிஎச்சும் அடங்கிவிடும். ஏசிடிஎச் தொடாத அட்ரினல் புறணி சுருங்கிப்போகும். ஒரே நாளில் மருந்தை நிறுத்தினால், பெப்டைடுகள் விழித்தெழுந்து சுரப்பி மறுபடி வளர்வதற்கு அவகாசம் இருக்காது. அந்த இடைவெளியில் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, சில சமயம் உயிராபத்தும் வரலாம். மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சுரப்பி எழுந்துவிட்டதா என்று பார்க்க, ஏசிடிஎச்சின் முதல் 24 அமினோ அமிலங்களை மட்டும் கொண்ட செயற்கைப் பெப்டைடை ஊசியாகப் போட்டுக் கார்டிசால் ஏறுகிறதா என்று சோதிப்பார்கள். 39ல் அந்த 24 இருந்தாலே அட்ரினல் பதில் சொல்லும்.

சிஆர்எச்சைத் தடுக்கும் மருந்து இருக்கிறதா?

சிஆர்எச் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் எலிகளிலும் குரங்குகளிலும் பதற்றத்தைக் குறைத்தன. மனிதரின் மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் இவை தீர்வாகும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. மருத்துவப் பரிசோதனைகளில் அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. மூளையில் சிஆர்எச்சுக்கு அமிக்டலா முதல் மூளைத்தண்டுவரை பல இடங்களில் பல வேலைகள். ஒவ்வொரு இடத்திலும் கூடவே வேறு பெப்டைடுகள். ஒன்றை அடைத்தால் நோய் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்ததே அளவுக்கு மீறிய எளிமை என்பது என் கருத்து.

மனிதரின் பிட்யூட்டரியில் நிலைமை வேறு. அங்கே சிஆர்எச்சின் முக்கிய வேலை ஒன்றுதான்: ஏசிடிஎச்சை வெளியே தள்ளுவது. பிறவியிலேயே கார்டிசால் செய்யும் நொதி குறைந்தவர்களுக்கு ஏசிடிஎச் மிதமிஞ்சி ஏறி, அட்ரினல் பெருத்து, ஆண் ஹார்மோன்களைக் கொட்டும். இவர்களுக்காக, சிஆர்எச்சின் முதல் வகை ஏற்பியை அடைக்கும் கிரைனசர்ஃபான்ட் என்ற மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கார்டிசாலுக்கான மாற்று மருந்தோடு சேர்த்து இதையும் எடுத்துக்கொள்வதால், ஆண் ஹார்மோன்களை அடக்குவதற்கென்று ஸ்டீராய்டின் அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டிய நிலை குறைகிறது.